ஈரத்தில் காயும் கதைப்பெட்டி

மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன நகரத்தார் கோலாலம்பூரில் லெபோ அம்பாங்கில் கடை போட்டார்கள். பர்மாவுக்குப் போன அவர்களுடைய பங்காளிகள் ஊர் திரும்பும்போது, தேக்கோடு கறுப்பும் சிவப்புமாகப் பளபளக்கும் உருண்டைப் பெட்டிகளையும் கப்பலேற்றினார்கள். செட்டிநாட்டில் அவை மரவைச் சாமான்கள். பெண்ணுக்கு வைக்கும் சீரில் இடம்பிடித்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன.

இத்தகைய பர்மியப் பெட்டிகளில் சிலவற்றைச் சுற்றிப் புத்தரின் ஜாதகக் கதைகளோ ராமாயணமோ ஓடும். பெட்டியைத் திருப்பத் திருப்பக் கதையும் நகரும்.

பெரும்பாலும் பகான் ஊரில் செய்தவை. உள்ளே இருப்பது மூங்கில் பின்னல். உயர்ந்த ரகத்தில் குதிரைமயிரும் சேரும். மேலே பூசுவது பூச்சி தரும் அரக்கு அல்ல, தித்சி மரத்தின் பால். நம் தோட்டங்களில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தது போலவே இதையும் எடுக்கிறார்கள். காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். வியப்பு இனிமேல்தான்: இந்தப் பால் வெயிலில் சரியாகக் காயாது. இறுகுவதற்குக் காற்றில் ஈரம் வேண்டும். அதனால் ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் பெட்டியை நிலவறையில் வைத்துவிடுகிறார்கள். நல்ல பெட்டி முடிய ஆறு மாதத்துக்கு மேலும் ஆகும். பூச்சு முடிந்த பிறகு எழுத்தாணி போன்ற ஊசியால் படத்தைக் கீறி, ஒரு நிறத்தைத் தேய்த்து நிரப்பித் துடைத்து, அடுத்த நிறத்துக்கு மறுபடி கீறுவார்கள். அழிக்க வழியில்லாத கோடு அது. அந்தக் கைக்கு நான் தலைவணங்குகிறேன்.

இதே போலக் கதை சொன்னாலும் ரஷ்யாவின் பலேக் பெட்டி வேறு வகை. காகிதக் கூழ் அட்டையில் செய்து, முட்டை மஞ்சள் கரு கலந்த வண்ணத்தால் தேவதைக் கதைகளைத் தீட்டி, மேலே வார்னிஷ் பூசுவார்கள். பலேக் கிராமத்தார் தலைமுறைகளாகத் திருவுருவப் படம் வரைந்தவர்கள். 1917 புரட்சிக்குப் பின் அந்தத் தொழில் நின்றது. 1924இல் கூட்டுறவுப் பட்டறை தொடங்கிப் பெட்டிக்கு மாறினார்கள். அதனால்தான் அங்கே இளவரசனின் குதிரைகூடத் திருவுருவப் படத்துக் குதிரை போல மெலிந்து நீண்டிருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வீட்டில் மரவை இருந்தால், நம் ஈரக்காற்றை நினைத்துப் பயப்பட வேண்டாம். அது ஈரத்தில் பிறந்தது. ஏர்கோன் காற்று நேரே படும் இடமும் சன்னல் வெயிலும்தான் ஆகாது, பூச்சு வெடிக்கும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.