எங்கே நோகுது, ஒரு விரலால் காட்டு

சனிக்கிழமை மத்தியானம். லண்டன் ஹரோவில் பாலே வகுப்பு முடிந்து வந்த மகள், காரின் பின்சீட்டில் இருந்தபடியே டைட்ஸைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினாள். பெருவிரல் ஓரத்தில் பட்டாணி அளவுக்கு நீர்க் கொப்புளம். அடுத்த விரலின் நகத்துக்கு அடியில் கருநீலம் படர்ந்திருந்தது. "நோகுதோ பிள்ளை?" என்றேன். "நோகத்தானே வேணும் அம்மா? எல்லாருக்கும் நோகுமாம்" என்றாள். வயது 12. விரல் நுனியில் எழும்பி ஆடுவதற்கான பாயின்ட் சப்பாத்து போட்டு அன்று மூன்றாவது வகுப்பு.

கொப்புளத்தை விட அந்தப் பதில்தான் எனக்குப் பயமாக இருந்தது. நோவைப் பொறுப்பதே கலை என்று நம்பிவிட்ட பிள்ளை, எலும்பு வெடித்தாலும் வாய் திறக்காது.

சப்பாத்தின் நுனிக்குள் மரக்கட்டை இருக்கிறதென்று என் மாமியார் இன்றைக்கும் நம்புகிறார். உண்மையில் அது துணியும் சாக்கும் காகிதமும் பசை போட்டு அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த ஒரு பெட்டி. உள்ளங்காலைத் தாங்க அடியில் ஒரு கெட்டிப் பட்டை. 1832-இல் பாரிஸில் 'லா சில்ஃபீட்' ஆடிய மரீ தாலியோனிக்கு இந்தப் பெட்டியும் கிடையாது. சாட்டின் சப்பாத்தின் நுனியை நூலால் தைத்து இறுக்கிக்கொண்டு ஆடினார். ருக்மிணி தேவி அருண்டேலை நம் நடனத்தின் பக்கம் திருப்பிவிட்ட அன்னா பாவ்லோவா, தன் உள்ளங்கால் வளைவு அதிகம் என்பதால் சப்பாத்துக்குள் கெட்டித் தோல் வைத்துக்கொண்டாராம். அவ்வளவு பெரிய ஆட்டக்காரியே சப்பாத்தைத்தான் திருத்தினார். காலைத் திருத்தப் போகவில்லை.

கடையில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். "வளருற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா தாங்கோ" என்று கேட்டேன். அளவு பார்த்த பெண் அதிர்ந்துபோனார். பெரிய சப்பாத்தில் கால் பெட்டிக்குள் வழுக்கி இறங்கும். உடம்பின் முழுப் பாரமும் பெருவிரல் நகத்தில் போய் இடிக்கும். தட்டையாக நிற்கும்போது விரல்கள் மடங்காமல் நீண்டு நுனியைத் தொட வேண்டும். நுனியில் எழும்பியதும் குதிக்காலில் ஒரு சிட்டிகைத் துணிதான் கிள்ளக் கிடைக்க வேண்டும். அக்காவின் பழைய சப்பாத்து தங்கைக்கு உதவாது, அதன் பட்டை ஏற்கெனவே வேறொரு காலுக்கு வளைந்துவிட்டது. பெட்டி மெத்தென்று ஆனால் அந்தச் சோடியின் ஆயுள் முடிந்தது. நிறத்துக்கும் ஒரு வரி: நம் பிள்ளைகளின் தோலுக்குக் கிட்ட வரும் சப்பாத்து இப்போது கிடைக்கிறது. 2018-இல் ஃப்ரீட் நிறுவனமும் பாலே பிளாக் குழுவும் சேர்ந்து பழுப்பு நிறச் சப்பாத்துகளைக் கொண்டுவந்தன. அதற்கு முன் பலர் முகப்பூச்சை எடுத்துச் சப்பாத்தில் தடவிக்கொண்டுதான் மேடை ஏறினார்கள்.

வாங்கியதும் ரிப்பனைத் தைக்காதீர்கள். ஆசிரியர் பார்த்துச் சரி என்று சொல்லட்டும், பிறகு தைக்கலாம். தைத்ததையும் ஆடியதையும் கடைகள் திருப்பி எடுப்பதில்லை. ஒன்லைனில் வாங்கினால் பொருள் கைக்கு வந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் எனலாம். பொருளில் குறை இருந்தாலோ, கேட்ட தேவைக்கு அது பொருந்தாவிட்டாலோ, 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாம். நேரில் கடைக்குப் போய் வாங்கிவிட்டு மனம் மாறினால் மட்டும் கடைக்காரர் தயவுதான்.

எப்போது பாயின்ட் ஏறலாம்? 12 வயதுக்கு முன் வேண்டாம் என்பது நடன மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் வழிகாட்டல். ஆனால் பிறந்தநாள் வந்தால் போதாது. பாதத்து எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் இந்த வயதில் இன்னும் முழுதாக மூடியிராது. கிழமைக்கு ஒரு வகுப்பு மட்டும் போகிற பிள்ளைக்குப் பாயின்ட் தேவையே இல்லை என்றுதான் அந்த வழிகாட்டல் சொல்கிறது. ஒற்றைக் காலில் தள்ளாடாமல் நிற்க முடிகிறதா, குதிக்காலைத் தூக்கித் தூக்கி 20 தடவை தளராமல் இறக்க முடிகிறதா, பாதத்தை நீட்டினால் கணைக்காலும் பாதமும் ஒரே கோடாகிறதா என்று பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். முதல் மாதங்களில் வகுப்பின் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம், கம்பியைப் பிடித்தபடி, இரண்டு காலிலும் மட்டும்.

தோல் நோவுக்கு வீட்டிலேயே வைத்தியம் உண்டு. கொப்புளத்தின் தோலை உரிக்காதீர்கள். கழுவித் துடைத்து மூடுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், வகுப்பன்று வெட்டாதீர்கள். வகுப்புக்கு முன் சுடுதண்ணீரில் கால் ஊறப்போட்டால் தோல் இளகி இன்னும் உரியும். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், நோவு மாத்திரை போட்டுக்கொண்டு ஆடப்போவதும் கூடவே கூடாது. 16 வயதுக்குக் கீழ் அஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

எலும்பு நோவைப் பிடிக்க நான் கற்றுக்கொண்ட வழி ஒன்று. "எங்கே நோகுது, ஒரு விரலால் தொட்டுக் காட்டு." பாதம் முழுக்கத் தடவிக் காட்டினால் பெரும்பாலும் அலுப்பு. ஒரே புள்ளியில், எலும்பின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தைக் காட்டினால் ஆட்டத்தை அன்றே நிறுத்துங்கள். பாலே ஆடுபவர்களுக்கு இரண்டாம் விரலுக்கு நேரே, நடுப்பாதத்தில் மயிரிழை வெடிப்பு வருவதுண்டு. இரவில் படுத்த பிறகும் நோவது, நொண்டுவது, நுனியில் எழும்பும்போது கணுக்காலின் பின்பக்கம் கடுப்பது, பெருவிரல் மடக்கும்போது கொக்கி போட்டதுபோல் மாட்டுவது எல்லாம் வைத்தியரிடம் காட்ட வேண்டியவை. முதல் கிழமைகளில் எக்ஸ்ரேயில் வெடிப்பு தெரியாமலே போகலாம். "எக்ஸ்ரே நோர்மல்" என்று அனுப்பிய பிறகும் நோவு நின்றபாடில்லை என்றால் திரும்பப் போய் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள். காலே ஊன்ற முடியாவிட்டால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

குடும்ப வைத்தியரான ஜிபியிடம் ஆங்கிலத்தில் விளக்கத் தயக்கமென்றால், நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. நோகிற பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அது தன் நோவைத் தானே குறைத்துச் சொல்லும். சில என்எச்எஸ் வைத்தியசாலைகளில் நடனக் காயத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு; உங்கள் பிள்ளையின் வயதுக்கு அது பொருந்துமா என்றும் கேட்டு வையுங்கள்.

இனி நம் வீடுகளுக்கே உரிய சங்கதி. சனி பாலே, ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் பரதம். வருட விழா நெருங்கினால் புதன் இரவும் ஒத்திகை. சமூக மண்டபத்துச் சீமெந்துத் தரையில் வெறுங்காலால் தட்டடவு அடித்த அதே பாதம்தான் மறுபடி சனிக்கிழமை பெட்டிக்குள் போகிறது. பாலே ஆசிரியைக்குத் தட்டடவு தெரியாது, நட்டுவாங்கம் செய்பவருக்குப் பாயின்ட் தெரியாது. பாதத்தின் மொத்தக் கணக்கு ஒருவரிடமும் இல்லை. குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, கிழமைக்கு எத்தனை மணி என்று எழுதத் தொடங்கினேன். ஒன்பதரை மணி வந்தது. இரண்டு ஆசிரியைகளுக்கும் அதைப் படம் எடுத்து அனுப்பினேன்.

சாப்பாட்டையும் அந்தத் தாளில் எழுதலாம். ஆட்டத்துக்கேற்ற சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிலக்கு நிற்கும், எலும்பு மெலியும். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலோ, 15 வயதாகியும் தொடங்காவிட்டாலோ ஜிபியிடம் போக வேண்டும். நம் தோலுக்கு இங்கத்தைய வெயில் போதாது. விட்டமின் டி தினம் 10 மைக்ரோகிராம், வருடம் முழுக்க எடுப்பது பற்றி யோசிக்கும்படி என்எச்எஸ்ஸே சொல்கிறது. மெலிந்தால்தான் ஆடலாம் என்று யாராவது பிள்ளையிடம் சொன்னால் சிரித்துவிட்டு விடாதீர்கள். வியன்னா அரசு ஓபராவின் பாலே பள்ளியில் எடை குறையப் புகைபிடிக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று 2019-இல் விசாரணைக் குழுவே எழுதியது.

பிரித்தானியாவில் நடனம் கற்பிக்க உரிமம் எதுவும் வேண்டாம். யாரும் பலகை மாட்டலாம். ஆகவே கேட்க வேண்டியது நாங்கள்தான்: தகுதி என்ன, காப்புறுதி உண்டா, பின்னணிச் சோதனை செய்தாயிற்றா, பாயின்டுக்கு எதைப் பார்த்து ஏற்றுகிறீர்கள்? சேரும்போது "காயத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற படிவத்தில் நானும் கையெழுத்துப் போட்டவள்தான். ஆனால் அலட்சியத்தால் வந்த உடற்காயத்தின் பொறுப்பை அப்படி எழுதிக் கழற்ற அதே 2015 சட்டம் இடம் தருவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிள்ளைக்கு 18 வயதாகி மூன்று ஆண்டுகள் வரை வழக்குப் போடலாம். நோகுது என்று சொன்ன பிள்ளையை அவமானப்படுத்தினால், கட்டாயப்படுத்தி ஆடவைத்தால், சிறுவர் பாதுகாப்பு அமைப்பான என்எஸ்பிசிசியை அழையுங்கள்: 0808 800 5000. பிள்ளை தானே பேச சைல்ட்லைன் 0800 1111.

போன சனிக்கிழமை காரில் ஏறியதும் அவளாகவே காலை நீட்டினாள். "நீங்கள் கேட்க முன்னமே சொல்லுறன். இஞ்ச, தோல்தான். ஆனா இடது காலில ஒரு இடம் இருக்கு" என்று நடுப்பாதத்தில் ஆள்காட்டி விரலை வைத்தாள். ஞாயிறு பரதம் இல்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஜிபிக்கு ஃபோன் போட்டேன்.