மூடுபனி மலையும் ஒரு சிறு மனித உருவும்

மலையகத்துக்குச் சுற்றுலா சென்று வந்தவர்களின் கைத்தொலைபேசியில் மூடுபனிப் படங்கள் நிறைய இருக்கும். ஆனால் நேரில் கண்ட பிரமாண்டம் அவற்றில் இருப்பதில்லை. வெள்ளைத் துணியை விரித்தது போல ஏதோ தெரியும். இது ஏன் என்று தேடி வாசித்ததையும், படமெடுத்துப் பழகியபோது அறிந்துகொண்டதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறும்போது குளிர்கிறது. அதிலுள்ள நீராவி ஒடுங்கி நுண்ணிய நீர்த்துளிகளாகிறது. இத்துளிகள் ஒளியின் எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறச் செய்வதால் மூடுபனி வெள்ளையாகத் தெரிகிறது. தூரம் கூடக்கூட நமக்கும் மலைக்கும் இடையிலுள்ள துளிகளும் கூடும். அதனால் அருகிலுள்ள மலை கருமையாகவும், அடுத்தது சாம்பல் நிறமாகவும், கடைசி மலை வானத்தோடு கரைந்தும் தோன்றும்.

இந்தப் படிநிலை படத்துக்கு ஆழத்தைத் தருகிறது, அளவைத் தருவதில்லை. தெரிவது சிறு குன்றா, பெரிய மலையா என்று பார்ப்பவருக்குப் புரியாது. மனிதனின் உயரமோ எல்லோருக்கும் தெரியும். ஓரத்தில் ஒருவர் சிறிதாக நின்றால் போதும், மலை உடனே வளர்ந்துவிடும். சீன ஓவியர் ஃபான் குவான் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை அறிந்திருந்தார். தாய்ப்பேயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கும் அவரது மலை ஓவியம் இரண்டு மீற்றருக்கும் மேல் உயரமானது. அதன் அடிப்பகுதியில் கோவேறு கழுதைகளுடன் செல்லும் பயணிகளைத் தேடித்தான் காண வேண்டும்.

இனிச் செய்முறை. கமரா வெண்மையை நடுத்தரச் சாம்பலாக மாற்றப் பார்க்கும். ஆகவே வெளிச்ச அளவைச் சற்றுக் கூட்டுங்கள். மூடுபனியில் குவியம் தடுமாறும். திரையில் மனித உருவத்தைத் தொட்டுக் குவியுங்கள். வில்லையில் ஈரம் படியும், அடிக்கடி துடையுங்கள். உருவத்துக்குப் பின்னால் மரமோ கம்பமோ இல்லாமல் வெறும் பனி இருக்கட்டும். அவர் நடக்கும் திசையில் அதிக இடம் விடுங்கள். சிவப்புக் குடையோ மஞ்சள் உடையோ இருந்தால் கண் தானாகவே அங்கே போகும். ஆனால் படத்துக்காக யாரையும் பாறை விளிம்புக்கு அனுப்பாதீர்கள். பனியில் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் அந்தச் சிறு உருவம் பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் வர்த்தக ரீதியாகத் தேயிலை பயிரிட்டார். அதன் பின் நாம் ரசிக்கும் பச்சைச் சரிவுகளை உருவாக்கியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களும் அவர்களின் சந்ததியினருமே. கொழுந்து பறிப்பவருக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. குறைந்தால் சம்பளமும் குறையும். படத்துக்காக அவரை நிறுத்தி வைப்பது அவருடைய கூலியில் கைவைப்பதாகும்.

எங்களில் ஒருத்தியை யாராவது கேட்காமல் படமெடுத்து இணையத்தில் போட்டால் வீட்டில் வாப்பாவும் உம்மாவும் எவ்வளவு பதறுவார்கள்! அந்த மானமும் உரிமையும் மலையில் நிற்பவருக்கும் உண்டு. "அக்கா, தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்க அரை நிமிடம் போதும். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். உங்கள் தங்கையையோ தோழியையோ பாதையில் நடக்கச் சொல்லியும் எடுக்கலாம். முதுகு காட்டி நடந்தாலும் மலையின் உயரம் தெரியும், முகம் தேவையில்லை.

இந்த விடுமுறையில் மலைக்குப் போகும் தோழியர் முயன்று பாருங்கள். பெற்றோரே, பிள்ளைகளின் படங்களைப் பார்க்கும்போது, "இதில் நிற்பவரிடம் கேட்டாயா?" என்றும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.