பொற்கன்றைச் சுற்றி ஓர் ஆட்டம்

கண் காணும் உருவத்தை அப்படியே படியெடுக்காமல், உள்ளத்தின் கொதிப்புக்கேற்ப வண்ணத்தையும் வடிவத்தையும் மாற்றித் தீட்டும் ஓவிய நெறி வெளிப்பாட்டியம் எனப்படும். ஜெர்மானிய ஓவியர் எமில் நோல்டே 1910-இல் தீட்டிய, இப்போது மியூனிக் நகரில் உள்ள 'பொற்கன்றைச் சுற்றி ஆட்டம்' இந்நெறியின் உச்சங்களுள் ஒன்று. மோசே மலைமேல் இருந்தபோது இஸ்ரவேலர் பொன்னால் வார்த்த கன்றை வணங்கி ஆடியதாக விவிலியம் கூறும் நிகழ்வே அதன் பொருள் என்றாலும், மஞ்சளும் சிவப்பும் நீலமும் தடித்த தீற்றல்களாக மோதுவதால், கதையை முந்திக்கொண்டு ஆட்டத்தின் வெறியே பார்வையாளரைத் தாக்குகிறது. இந்த வெறிக்கு நேர்மாறாக, பரதநாட்டியத்தில் முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி நிற்கும் அரைமண்டி உடலை ஒழுங்கான கோணங்களுக்குள் நிறுத்துகிறது. நோல்டேயின் ஓவியத்தில் ஆடும் பெண்களுக்கோ அத்தகைய கட்டு எதுவும் இல்லை, அவர்களின் கைகால்கள் முடியும் இடத்தைக்கூட வண்ணமே தீர்மானிக்கிறது.