செயலி முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது

பெரு நாட்டின் வடகிழக்கில் லொரெத்தோ என்றொரு பிராந்தியம். அதன் தலைநகர் இகித்தோஸுக்கு நாட்டின் பிற பகுதிகளிலிருந்து சாலை கிடையாது. விமானத்தில் போகலாம், இல்லாவிட்டால் படகு. அங்கிருந்தும் தள்ளி, அமேசானின் கிளையாறுகளை ஒட்டிப் பழங்குடி மக்களின் ஊர்கள். சுற்றியுள்ள காட்டில் அவர்களுக்குப் பொது நிலம் உண்டு. அந்தக் காடு எங்கே அழிந்தாலும் செயற்கைக்கோளுக்குத் தெரிந்துவிடும். பெரு அரசே அதை எச்சரிக்கையாக இணையத்தில் வெளியிட்டு வந்தது. காட்டுக்கு உரியவர்களின் ஊர்களில்தான் அப்போது இணையம் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

இந்த இடைவெளியை அடைத்தால் என்ன ஆகும் என்று 2018-இல் ஒரு சோதனை தொடங்கியது. தாரா ஸ்லாஃப், ஜேக்கப் கோப்பாஸ், யோஹானஸ் உர்பெலைனென் ஆகிய ஆய்வாளர்கள், ஓர்ப்பியோ என்ற பழங்குடிக் கூட்டமைப்போடு சேர்ந்து 76 ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த ஊர்களுக்கு மட்டும் எச்சரிக்கைகளை வரைபடத்தில் காட்டும் செயலியோடு ஸ்மார்ட்போனும், பயிற்சியும் கிடைத்தன. மற்ற ஊர்கள் பழையபடியே இருந்தன. வேறுபாடு எதனால் வந்தது என்று சந்தேகமில்லாமல் சொல்ல இப்படி ஓர் ஒப்பீடு வேண்டும்.

வானத்திலிருந்து எப்படித் தெரிகிறது?

இத்தகைய எச்சரிக்கைகளுக்குப் பயன்படுபவற்றில் முக்கியமானவை அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள். பூமிக்கு மேலே சுமார் 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இவை எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி, தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 22 சென்ட் நிலம். பசுமையான இலை, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை வலுவாகத் திருப்பி அனுப்பும். மரத்தை வெட்டி மண் வெளியே தெரிந்ததும் அந்த ஒளி சட்டென்று குறைகிறது. பழைய படத்தையும் புதிய படத்தையும் கணினி ஒப்பிட்டு, மாறிய புள்ளியைக் குறித்துவிடும். ஒரு செயற்கைக்கோள் அதே இடத்துக்குத் திரும்பி வர 16 நாள் ஆகும். இரண்டு இருந்தால் 8 நாள். நடுவில் மேகம் மூடினால் இன்னும் தாமதம்.

சிக்னல் இல்லாத ஊரில் செயலி

இங்கே உதவிக்கு வந்தது ஜிபிஎஸ். போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்க செல்போன் கோபுரம் தேவையில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வாங்கிக் கணக்குப் போட்டால் போதும். வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே போனில் ஏற்றிவைக்க வேண்டும். லொரெத்தோவில் அது வந்த வழி படகு! மாதம் ஒருமுறை புதிய எச்சரிக்கைகள் பென் டிரைவில் ஆற்று வழியாக ஊருக்குப் போயின. ஊர் தேர்ந்தெடுத்த கண்காணிப்பாளர்கள் அவற்றைப் போனுக்கு மாற்றி, குறித்த இடத்துக்கு நடந்து போய்ப் படமெடுத்து, ஊர்க்கூட்டத்தில் வைத்தார்கள். நுழைந்தவர்களைத் தாங்களே வெளியேற்றுவதா, அதிகாரிகளிடம் புகார் கொடுப்பதா என்று ஊர் முடிவு செய்தது.

முதல் ஆண்டில், செயலி பெற்ற ஊர்களில் காடழிப்பு மற்ற ஊர்களைவிட 52 சதவீதம் குறைந்தது. ஆபத்து அதிகமாக இருந்த ஊர்களில்தான் பலனும் அதிகம். முடிவுகள் 2021-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தன.

ஏறக்குறைய இதே எண்ணத்தில் உருவானது, வேர்ல்டு ரிசோர்சஸ் இன்ஸ்டிடியூட் 2017-இல் வெளியிட்ட ‘ஃபாரஸ்ட் வாட்சர்’ செயலி. வைஃபை கிடைக்கும் இடத்தில் எச்சரிக்கைகளை இறக்கிக்கொண்டு, காட்டுக்குள் இணையம் இல்லாமலே பயன்படுத்தலாம். படமும் குறிப்பும் போனிலேயே காத்திருந்து, இணைப்பு கிடைத்ததும் மேலே ஏறும்.

மரம் விழும் முன்பே

செயற்கைக்கோளுக்கு ஒரு குறை: மரம் விழுந்த பிறகே அதற்குத் தெரியும். டோஃபர் வைட் என்ற அமெரிக்கர் 2011-இல் போர்னியோவின் கிப்பன் குரங்குச் சரணாலயம் ஒன்றுக்குப் போயிருந்தார். காவலர் இருப்பிடத்திலிருந்து சில நூறு மீட்டரில் ஒருவர் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார். பூச்சிகளும் பறவைகளும் எழுப்பும் இரைச்சலில் ரம்பத்தின் சத்தம் காவலர்கள் காதில் விழவில்லை. ஆனால் அந்தக் காட்டில் செல்போன் சிக்னல் கிடைத்தது. வைட் பழைய போன்களை எடுத்து, மைக்கும் சூரியத் தகடுகளும் பொருத்தி, மரஉச்சியில் கட்டினார். போன் கேட்பதெல்லாம் சர்வருக்குப் போகும். அங்கே மென்பொருள் ரம்பத்தின் ஒலியைப் பிரித்தறிந்து காவலரின் போனுக்குச் செய்தி அனுப்பும். அவர் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் கனெக்‌ஷன் அமைப்பு பிறகு பிரேசிலின் தெம்பே பழங்குடியினரோடும் இந்த முறையில் வேலை செய்தது.

இப்படிப்பட்ட கருவியை வடிவமைப்பவருக்குப் பெரிய தலைவலி பொய் எச்சரிக்கை. மென்பொருளின் உணர்திறனைக் கூட்டினால் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் மணி அடிக்கும். நாலு முறை வீணாக ஓடிய காவலர் ஐந்தாவது முறை எழுந்திருக்க மாட்டார். உணர்திறனைக் குறைத்தால் உண்மையான ரம்பம் தப்பிவிடும். எந்தத் தவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை, ஓட வேண்டியவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எதைக் காட்டக் கூடாது என்பதும் வடிவமைப்பில் சேரும். உயிரினங்களைப் படமெடுத்துப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில், அழியும் நிலையிலுள்ள ஓர் இனத்தைப் பதிந்தால் சரியான இடம் பிறர் கண்ணுக்குத் தெரியாது. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் 0.2 பாகை அகலமுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகவே தெரியும். நிலநடுக்கோட்டருகே அந்தக் கட்டத்தின் ஒரு பக்கம் சுமார் 22 கிலோமீட்டர். ஆர்வலருக்கு உதவும் அதே வரைபடம் வேட்டைக்காரனுக்கும் வழி சொல்லிவிடக் கூடாது அல்லவா?

இரண்டாம் ஆண்டு

லொரெத்தோ கணக்கில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் காடழிப்பின் குறைவு 21 சதவீதம்தான். போனும் செயலியும் செயற்கைக்கோளும் அப்படியே இருந்தும் பலன் சுருங்கியது. கருவி இருந்தாலும் நடந்து போக ஆள் வேண்டும்; அங்கே கண்காணிப்பாளர்களுக்கு ஊதியம் கொடுத்தார்கள். மாதாமாதம் காட்டுக்குள் நடப்பது, வயலையும் மீன்பிடிப்பையும் விட்டுவிட்டுச் செய்யும் வேலை. அந்த ஊதியம், படகுக் கூலி, பயிற்சி எல்லாம் செயலியின் செலவுக் கணக்கில் சேர வேண்டியவை. மென்பொருள் எழுதி முடித்ததும் நிதியும் முடிந்துவிடும் திட்டத்தில் இவற்றுக்கு இடமிருக்காது.

ஆகவே சூழலுக்காகச் செயலி செய்ய விரும்பும் மாணவர்கள், முதல் திரையை வரையும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளலாம். செய்தி யாருக்குப் போகிறது? தடுக்கும் உரிமை அவருக்கு இருக்கிறதா? அவர் நிற்கும் இடத்தில் போன் வேலை செய்யுமா? இரண்டாம் ஆண்டும் அவர் போய்ப் பார்க்க யார் கூலி கொடுப்பார்கள்? ஏரியை நிரப்பும் குப்பைக்குச் செயலி செய்தாலும், ஆற்றில் கலக்கும் சாயக்கழிவுக்குச் செய்தாலும் கேள்விகள் இவைதான். விடை கிடைத்துவிட்டால் வரைபடத்தை எந்த நிறத்திலும் வரைந்துகொள்ளலாம்.