ஒரு விரல் நீள ஸ்டிக்கருக்குள் இத்தனை சங்கதியா!

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை டி.வி.யில் பார்த்திருக்கிறீர்களா? வீரர்களுக்குப் பின்னால் அணி கார்கள் வரிசை கட்டி வரும். ஒவ்வொரு காரின் கூரையிலும் சைக்கிள்கள் நிமிர்ந்து நிற்கும். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே சக்கரம். நடுவழியில் யாருக்காவது டயர் போனால் மெக்கானிக் காரிலிருந்து குதித்து, அந்த ஆளுடைய வண்டியை மட்டும் கூரையிலிருந்து உருவிக்கொண்டு ஓடுவார். சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். ஓர் அணிக்கு எட்டுப் பேர். அத்தனை வண்டிகளில் எது யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரிகிறது தெரியுமா?

சீட்டுக்குச் சற்று முன்னால், நம் ஊரில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டுவோமே அந்தப் பாரில், ஒரு விரல் நீளத்துக்கு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வீரரின் பெயரும் பக்கத்தில் குட்டியாக அவர் நாட்டுக் கொடியும். அவ்வளவுதான்! அதை அழகுக்கு ஒட்டியது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது மெக்கானிக்கின் கண்ணுக்காக ஒட்டியது. பந்தய வீரருக்குச் சீட்டு உயரம் மில்லிமீட்டர் கணக்கு. அடுத்தவர் வண்டியில் ஏற்றிவிட்டால் நூற்றைம்பது கிலோமீட்டர் போய்ச் சேர்வதற்குள் முழங்கால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அணித் தலைவரின் மாற்று வண்டியைக் கூரையின் ஓரத்தில், கை நீட்டினால் எட்டுகிற இடத்தில்தான் வைப்பார்கள். அதிலும் அந்தப் பெயர் இருக்கும்.

கம்பெனிப் பெயரே இல்லாத சைக்கிள்கள் டூரில் ஓடிய காலமும் உண்டு, தெரியுமா? பந்தயத்தைத் தொடங்கி நடத்திவந்த ஆன்ரி தெக்ராஞ்சுக்கு சைக்கிள் கம்பெனிகளின் தலையீடு பிடிக்கவில்லை. 1930ஆம் ஆண்டு கம்பெனி அணிகளைத் தூக்கிவிட்டு நாட்டு அணிகளைக் கொண்டுவந்தார். எல்லா வீரருக்கும் தானே மஞ்சள் சைக்கிள் கொடுத்தார். கம்பெனிப் பெயரை விளம்பரம் செய்ய எந்த வண்டியிலும் இடமில்லை! கம்பெனிக் காசு நின்றுபோனதால் அந்தச் செலவை ஈடுகட்ட, பந்தயத்துக்கு முன்னால் ஊர்வலமாகப் போகும் விளம்பர வண்டிகளை அதே ஆண்டு தொடங்கினார். இன்றைக்கும் டூரில் அந்த ஊர்வலம் போகிறது. சைக்கிள் குழாயிலிருந்து சில எழுத்துகளைச் சுரண்டி எடுத்ததால் பிறந்த ஊர்வலம் அது!

சைக்கிளைச் செய்தவர் ஒருவர், அதில் ஒட்டிய பெயர் வேறொருவருடையது. இப்படியும் நடந்திருக்கிறது. 1972ஆம் ஆண்டு மெக்சிகோ நகரில் பெல்ஜியத்தின் எட்டி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார். அந்தச் சைக்கிளைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியவர் இத்தாலியின் எர்னஸ்டோ கோல்னாகோ. ஆனால் குழாயில் ஒட்டியிருந்ததோ வின்ட்ஸர் என்ற மெக்சிகோ கம்பெனியின் பெயர்! அந்தச் சைக்கிள் இன்றும் பிரஸ்ஸல்ஸில் ஒரு மெட்ரோ ரயில் நிலையத்தில் கண்ணாடிக்குள் நிற்கிறது. அந்த நிலையத்தின் பெயரும் எட்டி மெர்க்ஸ்தான்.

சரி, கொடிக்கு வருவோம். இதில்தான் எனக்குத் தூக்கமே போனது!

பிரெஞ்சு வீரர் ஒருவர் பெயரையும் கொடியையும் பாரில் படுக்கைவாட்டில் ஒட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடி முதலில், பெயர் அடுத்து. நீலம், வெள்ளை, சிவப்பு என்று இடமிருந்து வலமாக மூன்று பட்டை. இப்போது அதே ஸ்டிக்கரை சீட்டைத் தாங்கும் செங்குத்துக் குழாயில், பெயர் கீழிருந்து மேலே போவது போல ஒட்டுங்கள். இடப்பக்கம் இருந்த நீலம் அடியில் போய்விடும். வலப்பக்கச் சிவப்பு உச்சிக்கு வந்துவிடும். மேலிருந்து கீழாகச் சிவப்பு, வெள்ளை, நீலம். அது நெதர்லாந்துக் கொடி! இத்தாலிக்காரர் அதே மாதிரி ஒட்டினால் சிவப்பு, வெள்ளை, பச்சை என்று ஹங்கேரிக்காரர் ஆகிவிடுவார். அயர்லாந்துக்காரர் ஸ்டிக்கரைத் தலைகீழாக ஒட்டினால் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு புரண்டு ஐவரி கோஸ்ட் வந்துவிடும். போலந்துக்காரர் தலைகீழாக ஒட்டினால் இந்தோனேசியா. ஒரு காகிதத்தில் கலர் பென்சிலால் கொடி வரைந்து திருப்பிப் பார்த்தேன். அத்தனையும் உண்மை!

நம் மூவர்ணத்தை அதே மாதிரி செங்குத்துக் குழாயில் திருப்பினால்? மேலே இருக்கும் காவி இடப்பக்கம் வரும். இந்தியக் கொடி விதித் தொகுப்பு 2002 சொல்வதும் அதேதான். கொடியைச் செங்குத்தாகக் காட்டும்போது, எதிரில் நின்று பார்ப்பவருக்குக் காவி இடப்பக்கம் இருக்க வேண்டும். ஆக, பெயர் கீழிருந்து மேலே போனால் சரி, மேலிருந்து கீழே இறங்கினால் தப்பு! இன்னொன்றும் அந்தத் தொகுப்பில் இருக்கிறது. கொடியின் மேல் எந்த எழுத்தும் எழுதக் கூடாது. பெயரைக் கொடிக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும், கொடிக்கு மேல் அல்ல. ஸ்டிக்கர் போடக் கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கொடியின் நடுவில் இருக்கும் அசோகச் சக்கரத்தில் 24 ஆரங்கள். நம் ஊர் பழைய கறுப்புச் சைக்கிளில் எத்தனை ஸ்போக்ஸ் தெரியுமா? முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40. ஆள் பாரமும் கேரியர் பாரமும் பின்னால்தானே விழுகிறது!

உலக சாம்பியனுக்குக் கொடியையும் மிஞ்சும் ஒரு மரியாதை உண்டு. நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என்று ஐந்து பட்டைகள். வானவில் சட்டை என்று சொல்வார்கள். 1927ஆம் ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்த முதல் தொழில்முறை உலகப் பந்தயத்தில் ஜெயித்தவர் இத்தாலியின் அல்ஃப்ரெதோ பிந்தா. அன்று தொடங்கிய வரிசை இன்றும் தொடர்கிறது. ஓராண்டு முழுக்கச் சட்டையில் அந்தப் பட்டைகள் வரும், சைக்கிளிலும் ஏறும். ஆனால் எந்தப் பந்தயத்தில் ஜெயித்தாரோ அந்த வகைப் பந்தயத்தில் மட்டும்தான் போட்டுக்கொள்ளலாம். ஆண்டு முடிந்து பட்டம் கைமாறினாலும் சட்டைக் காலரிலும் கை ஓரத்திலும் அந்த ஐந்து நிறங்களை ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஸ்லோவாக்கியாவின் பீட்டர் சகான் 2015, 2016, 2017 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து ஜெயித்து, அந்த வானவில் சட்டையை அத்தனை காலமும் கைவிடவே இல்லை.

கொடி மாறியவர்களும் உண்டு. நான்கு முறை டூர் ஜெயித்த கிறிஸ் ஃப்ரூம் கென்யாவின் நைரோபியில் பிறந்தவர். 2008 வரை கென்யா வீரர், பிறகு பிரிட்டன் வீரர். பெயர் அதேதான், பக்கத்துக் கொடி மட்டும் வேறு. ஆனால் பிறந்த மண்ணை அவர் விட்டுவிடவில்லை. தன் சைக்கிளில் காண்டாமிருகப் படம் போட்டுக்கொண்டு ஓட்டினார்! 2024இல் எரித்ரியாவின் பினியம் கிர்மாய் டூரில் மூன்று கட்டங்களை ஜெயித்து, புள்ளிகளில் முந்துபவருக்கான பச்சைச் சட்டையும் வாங்கியபோது, அந்த நாடு எங்கே இருக்கிறது என்று உலகமே தேடியது. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் உலக சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ., ரஷ்ய, பெலாரஸ் கொடிகளும் சின்னங்களும் தன் பந்தயங்களில் கூடாது என்று தடை போட்டது. அவ்வளவு சின்னக் கொடிக்கும் அத்தனை கனம்.

வண்டியில் பெயர் இருப்பது போல வீரரின் முதுகில் நம்பரும் உண்டு. பந்தயத்தில் 13ஆம் நம்பர் கிடைத்தவர் என்ன செய்வார் தெரியுமா? முதுகில் குத்தும் இரண்டு நம்பர்களில் ஒன்றைத் தலைகீழாகக் குத்திக்கொள்வார். ராசியில்லாத எண் கவிழ்ந்துவிடுமாம். விதியும் அதற்கு இடம் கொடுக்கிறது.

ஜப்பானுக்கு வாருங்கள். அங்கே சைக்கிளில் ஸ்டிக்கர் ஒட்டுவது சட்டம்! திருட்டைத் தடுக்க ஒவ்வொரு சைக்கிளையும் பதிவு செய்து எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும். அங்கேயே சில இளைஞர்கள் சக்கரம் முழுவதையும் வட்டத் தட்டு போட்டு மூடி, அதில் கார்ட்டூன் நாயகிகளின் படத்தை ஒட்டி ஓட்டுகிறார்கள். நம் ஊரிலும் ஒரு காலத்தில் நகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் வரி கட்டி சைக்கிளுக்குத் தகர வில்லை வாங்க வேண்டியிருந்தது. வாடகை சைக்கிள் கடைக்காரர்கள் பின் மட்கார்டில் கடைப் பெயரும் நம்பரும் பெயின்டில் எழுதுவார்கள். ஏழாம் நம்பர் வண்டிதான் லேசாக ஓடும் என்று அதற்காகக் காத்து நின்ற பையன்கள் எத்தனை பேர்!

இந்த ஒட்டும் கலைக்கே ஒரு பெரிய கதை இருக்கிறது. காகிதத்தில் அச்சிட்ட படத்தைத் தண்ணீரில் நனைத்து வேறொரு பரப்புக்கு மாற்றும் வித்தை வெகுகாலத்துக்கு முன்பே ஐரோப்பாவில் பரவியது. பீங்கானுக்கும் மரச் சாமானுக்கும் அப்படித்தான் பூ வேலை செய்தார்கள். 1860களில் இங்கிலாந்தில் இது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. இதற்கு டெக்கால்கோமேனியா என்றே பெயர். மேனியா என்றால் பித்து. டெக்கால்கோமேனியாவைச் சுருக்கியதுதான் டெக்கால். பழைய சைக்கிள்களைப் புதுப்பிப்பவர்கள் இன்றும் அதே முறையில் ஒட்டுகிறார்கள். வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் போட்டால் பசை இளகி, படம் காகிதத்தை விட்டு வழுக்கிக்கொண்டு வரும். குழாயில் நிறுத்தி, துணியால் ஒற்றி, மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் விரல் தடவினாலும் விளிம்பு தட்டாது.

இப்போது வினைல் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் கத்தி எழுத்தை வெட்டித் தருகிறது. தமிழில் வெட்டினால் ஒரு விசேஷம் உண்டு தெரியுமா? புள்ளி! ஆங்கில எழுத்து பெரும்பாலும் ஒரே துண்டாக வரும். நம் மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டு. கடுகளவு. என் அண்ணன் மகன் பெயர் கார்த்திக். ர், த், க் என்று மூன்று புள்ளி. போன மாதம் அவன் சைக்கிளுக்கு நாங்களே ஒட்டினோம். பாரை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தோம். சோப்புத் தண்ணீர் தெளித்தோம். அது இருந்தால்தான் ஸ்டிக்கரை நகர்த்தி நேராக்க முடியும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பழைய ஏ.டி.எம். கார்டால் தள்ளித் தள்ளி நீரை வெளியேற்றினோம். அடங்காத குமிழை ஊசியால் குத்தினோம். ஒரு மணி நேரம் காயவிட்டு, எழுத்துகளைத் தாங்கி வந்த மேல் டேப்பை உரித்தால், த் மேலிருந்த புள்ளி டேப்போடு போய்விட்டது!

"சித்தப்பா, என் பேரு கார்ததிக் ஆயிடுச்சு" என்று அவன் கிட்டத்தட்ட அழுதான். டார்ச் அடித்து டேப் முழுக்கத் தேடி, ஊசி முனையில் அந்தப் புள்ளியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப வைத்தேன். பெயருக்கு முன்னால் கொடி. கட்டைவிரல் நகம் அளவுதான். அசோகச் சக்கரத்தின் 24 ஆரங்களும் ஒன்றோடு ஒன்று ஒட்டி நீலப் பொட்டாகத் தெரிந்தன. பூதக்கண்ணாடி வைத்து எண்ணிப் பார்த்துத்தான் விட்டான்.

மறுநாள் பள்ளிக்கூட சைக்கிள் ஸ்டாண்டு. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள்கள் நூற்றுக்கு மேல், ஒரே அச்சில் வார்த்த மாதிரி. அதுவரை ஹேண்டில்பாரில் ரிப்பன் கட்டியும் செயின் கவரில் ஒயிட்னரால் எழுதியும் அடையாளம் வைத்தவர்கள் எல்லாம் இவன் வண்டியைச் சுற்றி நின்றார்களாம். சாயங்காலம் ஒரு நோட்டுத் தாளில் ஆறு பெயர் எழுதிக்கொண்டு வந்தான். மொத்தம் எத்தனை புள்ளி என்று முதலில் எண்ணினோம். ஜெயசீலிக்குப் புள்ளியே இல்லை. அவளுடையதை முதலில் வெட்டக் கொடுத்திருக்கிறோம்.