கால் + கால் + கால் + கால் = ஆபத்து!

குட்டீஸ்... கொசஸ்தலை ஆறு, பூண்டி ஏரியையும் திருவள்ளூர் மாவட்டத்து வயல்களையும் தாண்டி வந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து, மழைநீரோடு ஆற்றில் இறங்க வாய்ப்பு உண்டு.

'பூச்சிமருந்து பூச்சிக்குத்தானே!' என்கிறீர்களா? இறாலும் நண்டும் பூச்சிகளுக்குச் சொந்தக்காரர்கள், எல்லாமே கணுக்காலிகள். பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து, இறாலையும் விடாது.

ஒரு மருந்து எவ்வளவு இருந்தால் கெடுதல்? 'டாப்னியா' என்ற நீர்த்தெள்ளை வைத்து விஞ்ஞானிகள் சோதிக்கின்றனர். அந்த அளவை, 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நான்கு மருந்துகள். ஒவ்வொன்றும் கால் பங்குதான். தனித்தனியே பார்த்தால் பயமில்லை. நான்கும் ஒரே விதமாகத் தாக்குபவை என்றால்? கூட்டிப் பாருங்கள்... விடை 1!

சில ஜோடிகள் இன்னும் மோசம். மாலத்தியான் மருந்தை விலங்குகளின் உடல் ஓரளவு உடைத்துவிடும். ஈ.பி.என்., என்ற மருந்தும் சேர்ந்தால், அது உடைக்கும் வேலையையே தடுத்துவிடும். கூட்டல், பெருக்கலாகிவிடும்! 1957ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இதை வெளியிட்டனர்.

எண்ணூருக்கு வருவது பூச்சிமருந்து மட்டுமா? அனல்மின் நிலையச் சாம்பலும் ஆற்றில் கலந்திருக்கிறது. 2023 டிசம்பரில், 'மிக்ஜாம்' புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது.

எனவே, ஒவ்வொன்றையும் தனியாக அளந்து, 'எல்லைக்குள்தான் இருக்கிறது' என்றால் போதாது. மொத்தமாகவும் பார்க்க வேண்டும். முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் குடும்பங்களின் சோறு, இந்தக் கணக்கில்தான் இருக்கிறது!