கூச்சம் கொல்லும், தோழமை காக்கும்!

லாரிப் பட்டறை. இரவு மணி பதினொன்று. வண்டிக்கு அடியிலிருந்து கரி படிந்த கைகளோடு எழுந்து வருகிறான் கிளீனர் தம்பி. வயது பத்தொன்பது. வீட்டுக்குத் தலைமகன், மாதந்தோறும் தாய்க்குப் பணம் அனுப்புகிறவன். அவன் உள்ளத்திலே ஒரு கேள்வி. இரண்டு நாட்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது. யாரிடம் கேட்பான்? தந்தையிடம் கேட்டால் கன்னம் வீங்கும். ஆசிரியரிடம் கேட்கலாமென்றால், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவனைக் கைவிட்டுவிட்டது. மருத்துவரிடம் போனால், “இந்த வயதில் உனக்கெதற்கடா இந்தப் பேச்சு?” என்பாரோ என்று அச்சம். மிஞ்சியிருப்பது கைப்பேசி. அதிலே பாதி பொய், மீதி ஆபாசம். கேள்வியை விழுங்கிவிட்டுப் படுத்துவிடுகிறான்.

அந்தத் தம்பிக்குத் தெரியாத ஒன்று உண்டு. எச்.ஐ.வி. கிருமி உடலில் புகுந்திருக்கலாமென்ற ஐயம் எழுந்தால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டிய தடுப்பு மருந்து மருத்துவ உலகில் இருக்கிறது. தேவையா இல்லையா என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். ஆனால் மருத்துவரிடம் போனால்தானே! அவனுக்கு இன்னும் ஒரு நாள் மீதமிருந்தது. அந்த ஒரு நாளைக் கூச்சம் தின்றுவிட்டது.

இப்படி ஒரு தம்பி இல்லாத பட்டறை உண்டா, விடுதி உண்டா, கட்டட வேலைக் கொட்டகை உண்டா என்று நாம் கேட்கிறோம். அவனருகே, அவன் வயதிலே, அவன் மொழியிலே பேசக்கூடிய, விவரமறிந்த ஒரு தோழன் அன்றிரவு இருந்திருந்தால்? இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் இன்று எழுதுகிறோம்.

“நம் நாட்டுக்கு வராது!”

எய்ட்ஸ் என்ற சொல் உலகில் பரவத் தொடங்கிய நாளில், “அது மேனாட்டாரின் நோய், புண்ணிய பூமியிலே அதற்கு இடமில்லை” என்று மார்தட்டியவர்கள் இங்கே ஏராளம். 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள், வேலூரிலே சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது! இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையிலேதான். பெருமைப் பேச்சு கிருமியைத் தடுக்காது என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

அதைத் தமிழகம் படித்துக்கொண்டது என்பதையும் சொல்லவேண்டும். 1994இல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கெனத் தனிச் சங்கம் அமைத்து நாட்டுக்கே வழி காட்டியது. நெடுஞ்சாலை ஓரங்களில் லாரி ஓட்டுநர்களிடம் பேச, ஓட்டுநர்களே முன்வந்தார்கள். முடிதிருத்தும் தோழர்கள், கத்திரிக்கோலோடு கருத்தையும் கையிலெடுத்தார்கள். “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்ற விளம்பரத்தைச் சுவரெங்கும் கண்டு, தேநீர்க் கடைகளிலே ஊரே விவாதித்த நாட்களை நடுத்தர வயதுத் தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பேசக்கூடாது என்றிருந்ததைப் பேசினோம். பேசியதால் பிழைத்தோம். 2010ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் 2023இல் இந்தியாவில் புதிய தொற்றுகள் 44 சதவிகிதம் குறைந்திருந்தன என்பது அரசின் மதிப்பீடு.

பிறகென்ன கவலை? கவலை இதுதான்: அதே 2023இல் இந்நாட்டில் கிருமியோடு வாழ்ந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். மிசோரம் போன்ற சின்னஞ்சிறு மாநிலத்தில் வயது வந்தோரில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் மேலாகக் கிருமி இருக்கிறது. போதை ஊசியைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் அங்கே இளைஞர்களை வேட்டையாடுகிறது. புள்ளிராஜாவைப் பார்த்த தலைமுறை நரைத்துவிட்டது. அதன் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது: எச்.ஐ.வி. பற்றி முழுமையான அறிவுடையோர் ஆண்களில் 30.7 சதவிகிதம், பெண்களில் 21.6 சதவிகிதம். மிகுதிப்பேர்? கொசு கடித்தால் வருமோ, கூட உண்டால் வருமோ என்று ஐயுறுகிறவர்கள். அல்லது எனக்கு வராது என்று நம்புகிறவர்கள். இரண்டும் இருட்டுத்தான்.

சோனாகாச்சி கற்பித்த பாடம்

கல்கத்தாவின் சோனாகாச்சியைப் பலர் ஏளனமாகவே அறிவார்கள். நாம் மரியாதையோடு சொல்கிறோம். 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா அங்கே சென்றார். ஒழுக்கப் பிரசங்கம் செய்யவில்லை. சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் நோய் எப்படியோ, அப்படியே இந்தப் பெண்களுக்கு இது தொழிலால் வந்த ஆபத்து என்றார். அந்தப் பெண்களிலிருந்தே சிலரைத் தேர்ந்து, பயிற்சி தந்து, பச்சை மேலங்கி அணிவித்து வீடு வீடாக அனுப்பினார். நேற்றுவரை பிறர் தூற்றிய பெண், இன்று தன் தோழிக்கு ஆசிரியை! ஆணுறை உபயோகம் அங்கே பன்மடங்கு பெருகியது. அதோடு நின்றதா? 1995இல் அந்தப் பெண்கள் தமக்கென ‘துர்பார்’ என்ற சங்கமே கண்டார்கள். தன் உயிரைக் காக்கக் கற்றவள், தன் உரிமையையும் காக்கக் கற்றாள்.

அரசு ஏடுகளிலே இவர்களைச் ‘சகக் கல்வியாளர்’ என்று எழுதுகிறார்கள். நமக்கு இது புதிதா? எண்ணிப் பாருங்கள் தோழர்களே! நம் இயக்கம் எப்படி வளர்ந்தது? மாளிகைகளிலா? முடிதிருத்தகத்திலே, தேநீர்க் கடையிலே, சைக்கிள் கடை வாசலிலே ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத ஒன்பது பேர் சூழ்ந்திருந்து கேட்கவில்லையா? மேட்டிலிருந்து சொன்னவன் சொல் காற்றோடு போயிற்று. பக்கத்திலிருந்து சொன்னவன் சொல் நெஞ்சிலே நின்றது. அதே முறைதான் இது.

ஏன் தோழனே ஆசானாக வேண்டும்? அவனிடம் அச்சமில்லை, எதையும் கேட்கலாம். அவனுக்குக் கொச்சை புரியும். பாடப்புத்தகத் தமிழில் கேள்வி கேட்க வேண்டியதில்லை. யாவற்றினும் மேலாக, மருத்துவர் மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பிவிடுவார். தோழனோ இரவு பதினொரு மணிக்கும் பக்கத்துப் பாயிலே படுத்திருப்பான்.

ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். பேச்சு மட்டும் போதாது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் பெரிய அளவிலே ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். நம் சென்னையும் அதிலே ஓர் களம். செல்வாக்குள்ள தோழர்கள் மூலம் கருத்துப் பரப்பிய இடங்களிலும் முன்னேற்றம். அவ்வாறு செய்யாமல், சோதனையும் ஆலோசனையும் சிகிச்சையும் தந்த இடங்களிலும் ஏறக்குறைய அதே முன்னேற்றம். இதன் பொருள் என்ன? தோழன் வேண்டாமென்பதா? அல்ல. தோழனின் நாவுக்குப் பின்னே ஆணுறைப் பெட்டி இருக்கவேண்டும், சோதனை மையம் இருக்கவேண்டும், மருந்து இருக்கவேண்டும். வழிகாட்டிப் பலகையை நட்டுவிட்டுச் சாலையைப் போடாமலிருந்தால் யாருக்குப் பயன்?

தடுத்தவர் யார்?

2005இல் பள்ளிகளுக்கென வளரிளம் பருவக் கல்வித் திட்டம் வந்தது. என்ன ஆயிற்று? 2007இல் “பண்பாடு போயிற்று!” என்று கூக்குரல் எழுந்தது. மராட்டியம், குஜராத், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் அதைத் தடை செய்தன. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வியே கூடாதென்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவுக்குத் தலைவர் திரு. வெங்கய்ய நாயுடு. பண்பாட்டுக் காவலர்களை நாம் கேட்கிறோம்: கைப்பேசியிலே கொட்டிக் கிடக்கும் ஆபாசத்தை நீங்கள் தடுத்துவிட்டீர்களா? நஞ்சு தெருவெங்கும் விற்கிறது. மாற்று மருந்துக்கு மட்டும் தடையா?

கர்ப்பத்தடையைப் பற்றிப் பேசுவதே பாவம் என்றிருந்த காலத்திலே அதைக் ‘குடி அரசு’ ஏட்டில் எழுதினார் தந்தை பெரியார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலிலே அதற்கென ஓர் அத்தியாயமே வைத்தார். அவர் வழி வந்த நாட்டில், தன் உடலைப் பற்றித் தானறிவது குற்றம் என்று எவன் சொன்னாலும் செல்லாது.

தோழன் சொல்லவேண்டியவை

நாலே செய்தி, நன்றாக நினைவில் வையுங்கள். பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பகிர்ந்த ஊசி, தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்கு - இவையே பரவும் வழிகள். கைகுலுக்கினால் வராது, ஒரே குவளையில் தேநீர் குடித்தால் வராது, கொசுவால் வராது.

ஆணுறை காக்கும். அரசு நிலையங்களில் இலவசம்.

ஐயமிருந்தால் அரசு மருத்துவமனையிலுள்ள ‘நம்பிக்கை மையம்’ செல்லுங்கள். சோதனை இலவசம், முடிவு இரகசியம். தொற்றிய மறுநாளே சோதனை காட்டிவிடாது. ஆகவே மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும். 1097 என்ற எண்ணிலே கட்டணமின்றி விளக்கம் கேட்கலாம்.

கிருமி இருப்பதாகத் தெரிந்தாலும் வாழ்வு முடிந்துவிடவில்லை. 2004 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அரசு இலவசமாகக் கூட்டு மருந்து வழங்குகிறது. தாம்பரம் சானடோரியம் அந்தத் தொடக்க மருத்துவமனைகளில் ஒன்று. நாள் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருந்துவருபவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவுவதில்லை. அவர் மணக்கலாம், பிள்ளை பெறலாம், பேரன் பேத்தி காணலாம்.

தொழிலாளத் தோழர்கள் அறியவேண்டிய இன்னொன்று சட்டம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. கிருமி இருக்கிறது என்பதற்காக வேலையைவிட்டு நீக்கக்கூடாது, ஒப்புதலின்றிச் சோதிக்கக்கூடாது, ஊருக்கு அம்பலப்படுத்தக்கூடாது. நூறு பேருக்குக் குறையாமல் உள்ள நிறுவனத்திலே குறைகேட்கும் அலுவலர் ஒருவர் இருந்தாகவேண்டும். உங்கள் ஆலையில் அவர் யார்? பெயர் தெரியுமா? தெரியாதென்றால் நாளைக்கே சங்கத்தின் மூலம் கேளுங்கள்!

நாம் செய்யவேண்டியது

2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்திலும் ஊர்தோறும் இளந் தோழர்களைத் தேர்ந்து பயிற்றுவிக்க வகையிருக்கிறது. கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கங்கள் உண்டு. நல்லதுதான். ஆனால் கல்லூரிக்குப் போகாதவன்? பனியன் கம்பெனித் தம்பி, நூற்பாலை விடுதியிலே அடைபட்ட தங்கை, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையிலே தூங்கும் இளைஞன் - இவர்களுக்கு எந்தச் சங்கம்? அவனவன் மொழியிலே பேச அவனவன் தோழனையே தேர்ந்தெடுக்கவேண்டும். தங்கையோடு பேசத் தங்கையே வரவேண்டும்.

அப்படி உழைப்போருக்கு இன்று கிடைப்பதென்ன? ‘மதிப்பூதியம்’ என்று பெயர். மதிப்பும் குறைவு, ஊதியமும் குறைவு. உயிர் காக்கும் வேலையைத் தொண்டென்று புகழ்ந்துவிட்டு வயிற்றைக் காயவிடுவது நியாயமல்ல. அவர்களுக்கு உரிய கூலி கேட்பது தொழிற்சங்கங்களின் கடமை என்போம்.

கிளைத் தோழர்களே! உங்கள் படிப்பகத்திலே வாரத்தில் ஒரு மாலை இதற்கு ஒதுக்குங்கள். நம்பிக்கை மையத்து ஆலோசகரை ஒருமுறை அழையுங்கள். பிறகு உங்களிலே இளையவர் இருவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். பெரியவர்கள் அன்று வெளியே திண்ணையில் அமருங்கள். பிள்ளைகள் உள்ளே தங்களுக்குள் பேசட்டும். தந்தையரே! மகன் கேள்வி கேட்டால் கையை ஓங்காதீர்கள். பதில் தெரியாவிட்டால், தெரிந்தவனிடம் அனுப்புங்கள். அதுவே போதும்.

லாரிப் பட்டறையிலே அந்தத் தம்பி இன்னும் விழித்துத்தான் படுத்திருக்கிறான். பக்கத்துப் பாயிலே இருப்பவன் திரும்பிப் படுத்து, “என்னடா, தூக்கம் வரவில்லையா? சொல்லு” என்று கேட்கவேண்டும். அப்படிக் கேட்கத் தெரிந்தவனை உருவாக்குவோம். ஓர் உயிர் பிழைக்கும். ஒரு குடும்பம் பிழைக்கும்.